நெஞ்சளவுத் தண்ணீர்

எங்கள் அடுக்கு வீட்டின் மூன்றாம் மாடியில் இருந்தவளை எல்லோரும் 'பாட்டில்' என்றுதான் அழைத்தார்கள். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அவள் தோள்பைக்குள் பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதிக் கிணிகிணியென்று சத்தம் போடும். குடிவந்த புதிதில், "பாவம், புருஷன் மொடாக்குடியன் போலிருக்கு, காலி பாட்டிலைக்கூட இவளே கொண்டுபோய்க் கொட்ட வேண்டியிருக்கு" என்று கீழ்வீட்டுக்காரர்கள் உச்சுக்கொட்டினார்கள். புருஷன் நகரப் பேருந்து ஓட்டுநர். தேநீரைத் தாண்டி எதையும் தொடாத சாது. அந்தப் பாட்டில்களில் இருந்தவை ஏரித் தண்ணீர், சாக்கடைத் தண்ணீர், சாயப்பட்டறைக்குப் பின்னால் ஓடும் மஞ்சள் தண்ணீர். பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் துறையில் அவள் ஆய்வக உதவியாளர்.

தண்ணீரை முகர்ந்தே அது எந்தத் தெருவில் ஓடி வந்தது என்று சொல்லிவிடுவாள். ஒருமுறை என் வீட்டுக் குழாய்த் தண்ணீரை முகர்ந்துவிட்டு, மொட்டைமாடித் தொட்டியில் புறா விழுந்திருக்கிறது, அதுவும் கிழட்டுப் புறா என்றாள். ஏறிப் பார்த்தால் புறாதான். வயதைக் கேட்க அதற்கு உயிர் இல்லை.

அவளுக்கு இன்னொரு திறமையும் உண்டு. வஞ்சம். நமக்கெல்லாம் கோபம் பால் மாதிரி. பொங்கும், அடுப்பைத் தணித்தால் அடங்கும். அவளுடையது முட்டை மாதிரி. உட்கார்ந்து அடைகாப்பாள்.

சிறுவயதில் அவள் தூங்கிக்கொண்டிருந்தபோது அண்ணன் விளையாட்டாக அவளது இரட்டைச் சடையில் ஒன்றை வெட்டிவிட்டான். அம்மா அவனை அடித்தாள், அப்பா திட்டினார். அவள் மட்டும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. மிச்சமிருந்த ஒற்றைச் சடையோடு பள்ளிக்குப் போய் வந்தாள். காலம் ஓடியது. அண்ணனுக்குக் கல்யாணம் ஆகி, பிள்ளைகள் பிறந்து, தலை உச்சியில் வெளிச்சம் தெரிய ஆரம்பித்தது. அந்த வருடம் அவன் பிறந்தநாளுக்கு அவளிடமிருந்து அழகாகச் சுற்றிய பொட்டலம் ஒன்று போயிற்று. உள்ளே ஒரு சீப்பு. அடுத்த பிறந்தநாளுக்கு இன்னொரு சீப்பு. இப்போது அந்த வீட்டு அலமாரி நிறையச் சீப்புகள். வாருவதற்கு ஒரு முடிகூட இல்லை.

"ஏண்டி, இன்னுமா அந்தச் சடையை விடலை?" என்று அவன் தொலைபேசியில் கெஞ்சுவான்.

"அன்பா குடுத்ததுண்ணே. பத்திரமா வெச்சுக்கோ" என்பாள்.

ஒரு சடைக்கே இந்தக் கதியென்றால், ஒரு ஏரியைத் திருடியவரின் கதி என்னவாகும்?

திருடியவர் அவளுடைய பேராசிரியர். முதுகலை படித்தபோது அவள் ஊர் ஏரியின் தண்ணீரை எல்லாப் பருவங்களிலும் எடுத்துச் சோதித்தாள். வெயிலில் கறுத்து, மழையில் காய்ந்து - அவள் அப்படித்தான் சொல்வாள், மழையில் காய்ந்தேன் என்று - காலில் அட்டை ஏறி, ஒருநாள் சேற்றில் ஒற்றைச் செருப்பைப் பறிகொடுத்துச் சேர்த்த முடிவுகள் அவை. ஏரியில் பாஸ்பேட் அளவுக்கு மேல், மிக மிக மேல் என்று அவை சொல்லின. பாஸ்பேட் என்பது பாசியைக் கொழுக்க வைக்கும் உப்பு. துணி துவைக்கும் தூளில் நிறைய உண்டு. பேராசிரியருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. ஏரியின் தென்கரையில் ஒரு படித்துறை. அங்கே சலவைத் தொழிலாளர்கள் தலைமுறையாகத் துவைத்துக்கொண்டிருந்தார்கள். சோப்பு அவர்களுடையது, ஏரி அவர்களால்தான் சாகிறது என்று கட்டுரை எழுதிவிட்டார்.

அவளுக்குத்தான் உள்ளூர ஒரு நெருடல். ஏரியின் நடுவிலும் பாஸ்பேட், கரையிலும் பாஸ்பேட், ஆள் அண்டாத வடமூலையிலும் அதே பாஸ்பேட். ஒருநாள் அதே பாட்டிலில் ஆய்வகத்தில் காய்ச்சி வடித்த, உப்பே இல்லாத தண்ணீரை ஊற்றிச் சோதித்தாள். சோதனை மருந்து விட்டுக் காத்திருந்தபோது அதுவும் நீலமாக மாறியது. நீலம் வந்தால் பாஸ்பேட் இருக்கிறதென்று அர்த்தம்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சோப்பு ஏரியில் இல்லை, பாட்டிலில் இருந்தது.

அவள் அம்மா மருத்துவமனைச் சமையற்கூடத்தில் பாத்திரங்களுக்குப் பொறுப்பானவள். "விரலால தேய்ச்சா பாத்திரம் கிரீச்னு கத்தணும். கத்தலைன்னா கழுவலைன்னு அர்த்தம்" என்று சொல்லிச் சொல்லி வளர்த்தவள். மாதிரி எடுக்கும் பாட்டிலைச் சோப்பால் கழுவவே கூடாது, அமிலத்தில்தான் அலச வேண்டும் என்று மகள் வகுப்பில் படித்திருந்தாள். ஆனால் படித்தது தலை, கழுவியது கை. கை அம்மாவிடம் படித்தது. ஒவ்வொரு பாட்டிலையும் சோப்புத்தூள் போட்டு, கிரீச்சென்று கத்தும்வரை தேய்த்து வைத்திருந்தாள். அந்த ஆய்வகத்தில் அதுவரை யாரும் அத்தனை சுத்தமாக ஒரு பிழை செய்ததில்லை.

பேராசிரியரின் அறைக்கு ஓடினாள்.

"சார், தப்பு நடந்துபோச்சு. பாட்டிலை எல்லாம் நான் சோப்புல கழுவிட்டேன்."

"பாட்டில் கழுவற கதையெல்லாம் என்கிட்ட எதுக்கும்மா? கட்டுரை அச்சுக்கே போயாச்சு."

"என்ன கட்டுரை சார்?"

கட்டுரை வந்தபோது பார்த்தாள். எழுதியவர் என்ற இடத்தில் அவர் பெயர் மட்டும். கடைசியில் நன்றி சொன்ன பகுதியில் அவர் வீட்டு நாய்க்குட்டியின் பெயர் இருந்ததாகத் துறையில் சொல்வார்கள். அது கொஞ்சம் மிகை. இருந்தது மைத்துனரின் பெயர்.

கட்டுரையைப் படித்த நகர நிர்வாகம் தென்கரைக்குக் கம்பிவேலி போட்டது. துவைகற்களைப் பெயர்த்தெடுத்தது. படித்துறைக் குடும்பங்கள் ஆளுக்கொரு திசையாகப் போயின. பேராசிரியருக்குக் கேடயம் கொடுத்தார்கள். செய்தித்தாள்கள் அவருக்கு 'ஏரி ஐயா' என்று பெயர் வைத்தன. அவள் வாயைத் திறந்தால் என்ன ஆகும்? ஆய்வு அவருடையதாகவே இருக்கும், பிழை மட்டும் அவள் தலையில் விடியும். போதாக்குறைக்கு அவள் அதே துறையில் உதவியாளராகச் சேர்ந்திருந்தாள். அந்த வேலையின் குடுமி அவர் கையில். வாயை மூடிக்கொண்டாள். மேலே ஏறி உட்கார்ந்து அடைகாக்க ஆரம்பித்தாள்.

ஏரி ஐயாவிடம் ஒரு வழக்கம் இருந்தது. எந்த மேடை ஏறினாலும், தான் ஏரியில் இறங்கிய கதையைச் சொல்வார். முதல் வருடம் கேட்டவர்கள், தண்ணீர் முழங்கால் அளவு இருந்ததாகச் சொல்வார்கள். அடுத்து இடுப்பளவு ஆயிற்று. கேடயம் வாங்கிய மேடையில் நெஞ்சளவு. ஊரில் மழை பொய்த்து ஏரி வற்றிய வருடங்களிலும் அவர் கதையில் தண்ணீர் ஏறிக்கொண்டேதான் இருந்தது. கூட்டத்தின் பின்வரிசையில் ஒலிபெருக்கிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற பாட்டில், இன்னும் நாலு மேடை ஏறினால் மனிதர் மூழ்கியே போவார் என்று முணுமுணுப்பாள்.

முனைவர் பட்ட ஆய்வுக்கான உதவித்தொகைக்கு அவள் பலமுறை விண்ணப்பித்தாள். கிடைத்தால் உதவியாளர் வேலையை விட்டுவிட்டு, தன் பெயரில், தன் ஆய்வைச் செய்யலாம். ஒவ்வொரு முறையும் தேர்வுக் குழுவில் ஏரி ஐயா இருந்தார். "கையெழுத்து முத்து முத்தா இருக்கு. கருத்துதான் போதாது" என்று சொல்லி, குறைந்த மதிப்பெண் போட்டு அனுப்பிவிடுவார். மற்றவர்களுக்கு அது புரியவில்லை. அவளுக்குப் புரிந்தது. திருடிய வீட்டுக்காரியைத் தன் வீட்டு வரவேற்பறையில் உட்கார வைக்க எந்தத் திருடன் சம்மதிப்பான்?

இந்த வருடம்தான் கடைசி வாய்ப்பு. அடுத்த வருடம் அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சமையலறை மேசையில் விண்ணப்பத்தைப் பரப்பி வைத்திருந்தாள். ஓட்டுநர் தேநீரோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"கைடுன்னு யார் பேரைம்மா போட்டிருக்க?"

"ஏரி ஐயா பேரை."

அவர் அவள் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். "சூடு ஒண்ணும் இல்லையே."

"நல்லாத்தான் இருக்கேன்."

"வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிறியே, இது நல்லாவா இருக்கு?"

"ஓணானோட கையைக் கட்டிட்டுத்தான் மடியில விடறேன்." விதிமுறைப் புத்தகத்தைத் திருப்பி அவரிடம் காட்டினாள். "படிங்க. கைடா இருக்க ஒத்துக்கிட்டவர் இண்டர்வியூவில உட்காரலாம், பேசலாம். ஆனா மார்க் போடக் கூடாது."

ஓட்டுநர் இருமுறை படித்தார். தேநீர் ஆறிப்போனது. "உன்னை மாதிரி ஒருத்திகிட்ட இத்தனை வருஷம் நான் பயமில்லாமத் தூங்கியிருக்கேன்" என்றார்.

"நீங்க என் சடையை வெட்டலையே."

ஏரி ஐயாவைச் சம்மதிக்க வைப்பதில் சிரமமே இருக்கவில்லை. அவருக்கு ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்தது. தன் புகழ் தனக்குப் பின்னும் யாராவது தலையில் சுமந்து போக வேண்டும் என்று ஒரு தவிப்பு. அவள் அவர் அறைக்குப் போய், நாற்காலியில் உட்காராமல் நின்றாள்.

"சார், நீங்க செஞ்ச ஏரி ஆய்வைத் தொடரலாம்னு இருக்கேன். அதே ஏரி, அதே இடங்கள். நீங்க அன்னைக்கு அளந்தது இன்னைக்கு எப்படி இருக்குன்னு பார்க்கணும். நீங்களே கைடா இருந்தா..."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்பத்தான் உனக்குப் புத்தி வந்திருக்கு. முன்னாடியே இப்படிப் பணிஞ்சு வந்திருந்தா எப்பவோ முடிஞ்சிருக்கும்."

"முன்னாடி புரியலை சார்."

"நான் எவ்வளவு ஆழத்துல நின்னு அந்தத் தண்ணியை எடுத்தேன்னு உனக்குத்தான் தெரியுமே."

"எனக்குத் தெரியாம யாருக்கு சார் தெரியும்?"

அவர் அதில் முள்ளைப் பார்க்கவில்லை, பூவைத்தான் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

நேர்காணலுக்கு முந்தின நாள், அவள் தன் வெள்ளைக் கோட்டை எடுத்துக்கொண்டு இஸ்திரி வண்டிக்குப் போனாள். ஆய்வகத்தில் போடும் கோட்டுதான். ஆனால் நேர்காணலில் கையால் ஒரு சோதனை செய்து காட்டப் போகிறாள், அதற்கு அதுதான் பொருத்தம். எங்கள் கட்டடத்துக்குக் கீழே வண்டி வைத்திருந்த இஸ்திரிக்காரர் படித்துறையிலிருந்து துரத்தப்பட்டவர்களில் ஒருவர். துவைக்க இடம் போனதும் இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தவர்.

"எங்கேம்மா, கல்யாணத்துக்கா?"

"இண்டர்வியூண்ணே. ஏரி ஐயா இருப்பார்."

பெட்டி நின்றது. "அந்த ஆளா? எங்க படித்துறைப் படியில அவர் பாதம் ஒருநாள்கூடப் பட்டதில்ல. கார் கண்ணாடியை இறக்கி, அங்கிருந்தே விரலை நீட்டுவார். அந்த விரல் நீட்டின திசையில போச்சு எங்க பொழப்பு."

அவள் வண்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவரிடம் தினமும் துணி கொடுத்தவள், தினமும் சொல்லாமல் போனவள். பிறகு சொன்னாள்.

"அண்ணே, அந்தத் தண்ணியில இருந்த சோப்பு உங்களுது இல்ல. என்னுது."

ஒன்றும் விடாமல் சொன்னாள். பாட்டில், அம்மா, கிரீச், கட்டுரை. அவர் குனிந்து தேய்த்துக்கொண்டே கேட்டார். கடைசியில் பெட்டியைக் கோட்டின் ஓரத்தில் வைத்தார். எடுக்கவில்லை. நூல் கருகும் வாசனை வந்தது. அதன்பிறகுதான் எடுத்தார். கோட்டை மடித்து அவள் கையில் வைத்தார்.

"உள்பக்கம்தான். வெளியே தெரியாது" என்றார். "அந்த ஆளைப் பார்த்துட்டு வாங்க. நம்ம வழக்கு அப்புறம்."

அவளுக்குக் கோபம் வரவில்லை. தன்னைப் போல வஞ்சம் வைக்கத் தெரிந்த இன்னொருவரை அன்றுதான் பார்த்தாள். மரியாதைதான் வந்தது.

நேர்காணல் அறையில் நீள மேசை, கண்ணாடிக் குவளைகள், ஓட மறுக்கும் மின்விசிறி. குழுத் தலைவி வெளியூரிலிருந்து வந்தவர். நரைத்த குட்டை முடி, தேவைக்கு மேல் ஒரு வார்த்தையும் பேசாதவர். அவருக்கு இடப்பக்கம் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர், கண்ணை மூடி மோவாயை மார்பில் சாய்த்திருந்தார். வலப்பக்கம் ஏரி ஐயா. மதிப்பெண் தாள் அவர் முன்னால் இல்லை. அதற்காக அவர் வருந்தியதாகவும் தெரியவில்லை. பெண்பிள்ளையைக் கட்டிக்கொடுக்கும் தகப்பனைப் போல முகம் மலர்ந்திருந்தார்.

"ஏற்கனவே ஒருத்தர் அளந்த ஏரியை எதுக்கு மறுபடி அளக்கணும்?" தலைவி கேட்டார்.

"அதை சார் சொன்னாத்தான் நல்லாயிருக்கும் மேடம். அந்த ஏரியில இறங்கினவர் அவர்."

ஏரி ஐயா நிமிர்ந்து உட்கார்ந்தார். மேடை கிடைத்தால் போதும், தண்ணீர் தானாக ஏறும். "மேடம், அது மழைக்காலம். நான் ஒருத்தனா இறங்கினேன். தண்ணி கழுத்துக்கு வந்துருச்சு. பாட்டிலைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்."

கழுத்து புதுசு. இதுவரை எந்த மேடையிலும் கழுத்துக்கு வந்ததில்லை.

"மாதிரி எடுக்கிற பாட்டிலை நீங்களேதான் தயார் பண்ணினீங்களா?" தலைவி குறிப்பெடுத்துக்கொண்டே கேட்டார்.

"என் கையாலேயே கழுவினேன். வேற ஒருத்தரையும் தொட விட்டதில்லை. பசங்களை நம்ப முடியுமா?"

"முடியாதுதான் சார்" என்றாள் பாட்டில். பையைத் திறந்து தண்ணீர் நிரம்பிய இரண்டு பாட்டில்களை எடுத்து மேசையில் வைத்தாள். கிணிங் என்றது. இரண்டிலும் சோதனை மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். "கொஞ்சம் பொறுக்கணும் மேடம். நிறம் வர நேரமாகும்."

தேநீர் வந்தது. தலைவி குடித்தார். பொறியாளருக்கு வைத்தது ஆறியது. ஏரி ஐயா பிஸ்கட்டைத் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வலப்பக்கத்துப் பாட்டிலில் மெல்ல ஒரு நீலம் இறங்கியது. பிறகு கெட்டிப்பட்டது, பள்ளிக்கூட மையைப் போல. இடப்பக்கத்துப் பாட்டில் அப்படியே தெளிவாக இருந்தது.

"நீலமா இருக்கிறது எந்த ஏரித் தண்ணி?" என்றார் தலைவி.

"எந்த ஏரியையும் பார்க்காத தண்ணி மேடம். ரெண்டும் ஒரே கேன்ல இருந்து பிடிச்ச டிஸ்டில்ட் வாட்டர். இந்தப் பாட்டிலை ஆசிட்ல அலசினேன். நீலமானதைச் சோப்புத்தூள்ல கழுவினேன். சோப்பு கண்ணுக்குத் தெரியாம உள்ளே ஒட்டிக்கும்."

"சரி. அதுக்கும் சாரோட ஆய்வுக்கும் என்ன?"

"அந்த ஆய்வுக்கு எடுத்துட்டுப் போன பாட்டில் எல்லாமே சோப்புத்தூள்ல கழுவினது. அதனாலதான் ஏரி முழுக்க பாஸ்பேட். அதனாலதான் படித்துறையை மூடினாங்க. அதைத்தான் மறுபடி அளக்கணும்கிறேன்."

தலைவி பேனாவை மூடி வைத்தார். ஏரி ஐயாவின் பக்கம் மெதுவாகத் திரும்பினார். "உங்க கையாலேயே கழுவினதா சொன்னீங்க."

தோய்த்த பிஸ்கட் பாதி தேநீரில் விழுந்தது. "என் கையாலன்னா... என் மேற்பார்வையில."

"சோப்பு போட்டது நீங்களா?"

"நானா? எனக்கு அது தெரியாதா மேடம்? முதல் வருஷப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், சோப்பு கூடாதுன்னு."

"அப்ப யாரு?"

மனிதர் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். ஒரு பக்கம் பிழை, இன்னொரு பக்கம் திருட்டு. எரிகிற வீட்டில் எந்த வாசல் பக்கம் என்று தேடுகிறவனைப் போல, கிடைத்த வாசலில் பாய்ந்தார். விரலை நீட்டினார், கார் கண்ணாடிக்கு வெளியே நீட்டிய அதே விரல்.

"இவதான் மேடம். பாட்டில் கழுவினது இவ. தண்ணி எடுத்தது இவ. சோதனை பண்ணினது எல்லாமே இவ. எனக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. நான் ஏரிப்பக்கமே போகலை."

பொறியாளர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"அப்போ கழுத்துவரைக்கும் தண்ணி வந்துச்சே, அது யாருக்கு?" என்று கேட்டார்.

ஏரி ஐயா தன் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்தார். அதில் பிஸ்கட் கரைந்துகொண்டிருந்தது.

"சார் சொன்னது அத்தனையும் உண்மை மேடம்" என்றாள் பாட்டில். "கழுவினது நான், எடுத்தது நான், சோதிச்சது நான். தப்பும் என்னுதுதான். வேற யாரும் பங்குக்கு வர மாட்டாங்க."

அவள் ஜெயித்துவிட்டதாகத்தானே நினைப்பீர்கள்? தலைவி அத்தனை சுலபமானவர் இல்லை. இப்போது அவள் பக்கம் திரும்பினார்.

"தப்புன்னு தெரிஞ்சும் இத்தனை வருஷம் சும்மா இருந்திருக்கீங்க. உங்களை நம்பி இந்த உதவித்தொகையை எப்படிக் குடுக்கிறது?"

இந்தக் கேள்விக்கு அவள் தயாராக வரவில்லை. கோட்டின் ஓரத்தை விரலால் பற்றினாள். கருகிய இடம் சொரசொரத்தது.

"அன்னைக்கே சார்கிட்ட சொன்னேன். கேட்கலை. அப்புறம் பயம். வேலை போயிடும்னு."

"இப்போ பயம் போயிருச்சா?"

"இல்ல மேடம். வயசு போயிருச்சு. அடுத்த வருஷம் வந்து உங்க முன்னாடி உட்கார முடியாது. குடுக்கலைன்னாலும் இதைச் சொல்லிட்டுத்தான் போகணும்னு வந்தேன்." கோட்டின் ஓரத்தைத் திருப்பிக் காட்டினாள். "இது அந்தப் படித்துறைக்காரர் வெச்ச சூடு. நேத்துதான் அவர்கிட்ட உண்மையைச் சொன்னேன். சொன்னா என்ன கிடைக்கும்னு தெரிஞ்சுதான் உங்ககிட்டயும் சொல்றேன்."

தலைவி அந்தக் கருகலை நெடுநேரம் பார்த்தார். பெட்டியின் மூக்கு அப்படியே அச்சாகப் பதிந்திருந்தது.

"ஒரு நிபந்தனை" என்றார். "முதல் அத்தியாயமே உங்க தப்பைப் பத்தித்தான் இருக்கணும்."

"அதுக்குத் தலைப்பே வெச்சுட்டேன் மேடம்."

"கைடை மாத்திக்கலாம். நான் ஏற்பாடு பண்றேன்."

ஏரி ஐயா முதன்முறையாக நம்பிக்கையோடு தலை தூக்கினார்.

"வேண்டாம் மேடம்" என்றாள் அவள். "சாரே இருக்கட்டும். ஒண்ணே ஒண்ணு. நான் தண்ணி எடுக்கப் போற ஒவ்வொரு தடவையும் சார் கூட இருக்கணும்."

"அது விதியிலேயே இருக்கே. யாரும் கடைப்பிடிக்கிறதில்லை."

"நான் கடைப்பிடிக்கிறேன் மேடம்."

தலைவியின் உதட்டோரம் லேசாக அசைந்தது. சிரிப்பாக இருந்தால் அதுதான் அவரது அந்த வருடத்துச் சிரிப்பு. ஏரி ஐயாவிடம் திரும்பினார். "நீங்க விலகலாம். விலகினா அந்தப் பழைய கட்டுரையைப் பத்தி நாங்க எழுதுவோம். இருந்தா, நீங்களே எழுதலாம். எது வசதி?"

அவர் இருந்தார். வேறு எங்கே போவார்?

உதவித்தொகை கிடைத்த செய்தி வந்த அன்று எங்கள் கட்டடம் முழுவதும் இனிப்பு கொடுத்தாள். அண்ணனுக்கு மட்டும் சீப்பு.

முதல் மாதிரி எடுத்த காலையில் ஓட்டுநர் விடுப்பு எடுத்து வந்திருந்தார். நானும் போயிருந்தேன்; இதைப் பார்க்காமல் செத்தால் கட்டை வேகாது. வேலியில் ஒரு வாசல் திறக்க அனுமதி வாங்கியிருந்தாள். இஸ்திரிக்காரர் பெயர்ந்த துவைகல் ஒன்றின்மேல் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். படியில் கால் வைப்பது எப்படி என்று தெரியாமல் ஏரி ஐயா கரையில் நின்றார். கால்சட்டையை மடித்துவிட்டிருந்தார். அந்தக் கால்கள் ஒருபோதும் வெயிலைப் பார்த்ததில்லை என்பது பளிச்சென்று தெரிந்தது.

பாட்டில் ஏற்கனவே தண்ணீருக்குள் நின்றாள். அதே வெள்ளைக் கோட்டு. கருகிய ஓரத்துக்கு அவள் ஒட்டுப் போடவில்லை.

"வாங்க சார்."

"நான் இங்கேருந்தே பார்க்கிறேன்."

"இங்கேருந்து பார்த்தா எப்படி சார் கையெழுத்துப் போடுவீங்க? எந்த இடத்துல, எந்த ஆழத்துல எடுத்தோம்னு நீங்க சொல்லணுமே."

அவர் இறங்கினார். பாசி. ஒரு கையால் காற்றைப் பிடித்தார். தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது. மனிதர் ஹா என்று மூச்சிழுத்தார். முழங்காலுக்கு வந்தது. நின்றுவிட்டார்.

"போதுமில்லையா?"

"இது முதல் வருஷக் கதை சார்" என்றாள். "இன்னும் உள்ளே."

இடுப்புக்கு வந்தது. கால்சட்டைப் பையிலிருந்த பேனா மிதக்கப் பார்த்தது. எடுத்து வாயில் கவ்விக்கொண்டார்.

கரையிலிருந்து இஸ்திரிக்காரர் குரல் கொடுத்தார். "வலப்பக்கம் போகாதீங்க ஐயா, பள்ளம் இருக்கும். நேரா போங்க. நேரா போனா நெஞ்சுக்கு வரும்."

பாட்டில் நல்ல பாட்டில் ஒன்றை எடுத்தாள். அமிலத்தில் அலசியது, விரலால் தேய்த்தாலும் கத்தாதது. அதை ஏரி ஐயாவின் கையில் கொடுத்தாள்.

"தலைக்கு மேல தூக்கிப் பிடிங்க சார்" என்றாள். "அப்படித்தானே நின்னீங்க?"

அவர் தூக்கிப் பிடித்தார். ஓரடி எடுத்து வைத்தார். தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது.

அவள் அவசரமே படவில்லை. பையைத் துழாவி, மூடியைத் தேடி, தேடியது கிடைக்காமல், மறுபடி துழாவினாள். மூடி அவள் கோட்டுப்பையில் இருந்தது. கரையில் நின்ற எனக்கே அது தெரிந்தது.